ஜமாபந்தியும் என் மூணு மாச ரிப்போர்ட்டும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல பஸ்ல போய்ட்டு வந்துட்டு இருக்கறதுதான் நம்ம பொழப்பு. ரெண்டு ஊர்லயும் சேத்து இருபத்திச் சொச்சம் கடைகளுக்குக் கணக்கு எழுதறோம். "றோம்"னா பெரிய கம்பெனின்னு நினைச்சுடாதீங்க. நான், என் மச்சான், டேலி தெரிஞ்ச ஒரு பொண்ணு. ஆக மூணு பேர், ரெண்டு கம்ப்யூட்டர், கரண்ட் போனா ஒண்ணு :-)

வெறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறதோட நிக்காம, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கடைக்கும் ஒரு ரிப்போர்ட் குடுக்கறது எங்க வழக்கம். வியாபாரம் எவ்வளவு, லாபம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு தேங்கி நிக்குது, யார் யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் எட்டுப் பக்கத்துல கலர் பிரிண்ட். மத்த ஆபீஸ்ல இதெல்லாம் தர்றதில்லைன்னு எனக்கு ஒரு பெருமை வேற.

போன வருஷம் அந்தப் பெருமை உடைஞ்சுது.

மளிகை மொத்த வியாபாரம் பண்ற ஒரு அண்ணன். நல்ல மனுஷன், ஆறு வருஷமா நம்மகிட்டதான் கணக்கு. ஒருநாள் போன் பண்ணி, "தம்பி, ரெண்டாவது கடையை மூடறேன். அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு பாரு"ன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. ஓடினேன். உக்காந்து பேசினா விஷயம் இதுதான்: சுத்துப்பட்டு கிராமத்துச் சின்னக் கடைகளுக்குக் கடன்ல சரக்கு போயிட்டே இருந்திருக்கு, பணம் திரும்பி வரலை. கையில இருந்த முதல் பூரா வெளியில நிக்குது.

"அண்ணே, இது நாலு ரிப்போர்ட்டா ஏறிட்டே இருக்குதே. மூணாம் பக்கத்துல இருக்கு பாருங்க"ன்னேன்.

மேசை டிராயரைத் திறந்தார். நாலு ரிப்போர்ட்டும் உள்ள இருந்துது. ஸ்பைரல் பைண்டிங் கூட மடங்கலை.

"இருந்துச்சுப்பா. ஆனா நீ சொல்லலையே."

அவ்வளவுதான் சொன்னார். கோவப்படலை. கோவப்பட்டிருந்தா திரும்பி ஏதாவது பேசியிருக்கலாம். பஸ்ல வர்றப்ப பூரா அந்த ஒரு வரிதான் காதுல.

இதுக்கும் தலைப்புல இருக்கற ஜமாபந்திக்கும் என்னடா சம்பந்தம்னு கேப்பீங்க. அது நடந்த ரெண்டாம் மாசம், எங்க பெரியம்மாவை ஒரு தாலுகா ஆபீஸ் ஜமாபந்திக்குக் கூட்டிட்டுப் போக வேண்டி வந்துது. (எந்த தாலுகான்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.) பெரியப்பா காலமானதுக்கு அப்புறம் கூட்டுப் பட்டாவுல பேர் மாத்தறதுக்காக மூணு வருஷமா அலைஞ்சுட்டு இருந்தாங்க. மனு குடுப்பாங்க, ரசீது வரும், அதோட சரி.

ஜமாபந்தி பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்களுக்காக: ஷாமியானா பந்தல், நீள மேசை, நடுவுல அதிகாரி. ஒரு தாலுகாவுக்கு மாவட்ட ஆட்சியரே வருவார், மத்த தாலுகாவுக்கு டிஆர்ஓ, சார் ஆட்சியர், துணை ஆட்சியர்னு யாராவது. ஒரு நாளைக்கு ஒரு குறுவட்டம்னு முறை வச்சு, அதுல இருக்கற எல்லா கிராம நிர்வாக அலுவலர்களும் கணக்குப் புத்தகங்களைத் துணியில மூட்டையா கட்டி எடுத்துட்டு வரிசையா உக்காந்திருப்பாங்க. கணக்கு தணிக்கை ஒரு பக்கம், மனு வாங்கறது ஒரு பக்கம்.

பெரியம்மா முறை வந்துது. அதிகாரி மனுவைச் சத்தமா படிச்சார். அப்படியே தலையைத் திருப்பி, அந்த ஊர் விஏஓவைப் பார்த்து "இது என்னங்க ஆச்சு?"ன்னார். அவர் மூட்டையைப் பிரிச்சு, புத்தகத்தைப் புரட்டி, "கூட்டுப் பட்டாவுல இன்னொரு பங்காளி கையெழுத்து வரலை சார்"னார். அதிகாரி பெரியம்மாகிட்ட, "அம்மா, இன்னார் வந்து கையெழுத்துப் போட்டா முடிஞ்சுடும். கூட்டிட்டு வர்றீங்களா?"ன்னு கேட்டு, மனு மேலயே தேதி போட்டுக் குடுத்தார்.

மொத்தம் மூணு நிமிஷம். பட்டா அன்னிக்குக் கிடைக்கலை. ஆனா மூணு வருஷமா யாரும் சொல்லாத காரணம் கிடைச்சுது. "இதை அப்பவே சொல்லியிருந்தா அவனை இழுத்துட்டு வந்திருப்பனே"ன்னு பெரியம்மா பொலம்பிட்டே வந்தாங்க. எனக்கோ மளிகைக் கடை அண்ணன் குரல்தான் மறுபடியும் கேட்டுது.

அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டேன், இந்த ஜமாபந்தி எங்கருந்து வந்துதுன்னு தோண்ட. நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பண்ற வேலையை நம்ம மண்ணுல இருநூறு வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் பண்ணிட்டு வந்திருக்காங்க. அவங்க எங்கெங்க சறுக்கினாங்கன்னு தெரிஞ்சுக்கறது நமக்கும் நல்லதுதானே? (பதிவு கொஞ்சம் நீளம். டீ சொல்லிட்டு உக்காருங்க.)

பேரும் காலண்டரும்

ஜமா-ன்னா சேர்ந்த மொத்தம், வர வேண்டிய வருவாய். பந்தி-ன்னா கட்டறது, அதாவது முடிவு கட்டறது. "இந்த வருஷம் இந்த ஊருக்கு, இந்தக் குடிக்கு, இவ்வளவு" அப்படின்னு முடிச்சுப் போடறதுதான் ஜமாபந்தி. முகலாயர் காலத்து வார்த்தை, வெள்ளைக்காரன் காலத்துலயும் ஓடி, இன்னிக்கும் ஓடுது. "வருவாய்த் தீர்வாயம்"னு அழகான தமிழ்ப் பேர் நோட்டீஸ்ல இருக்கும். ஆனா பெரியம்மாவுக்கு ஜமாபந்திதான்.

இதுக்குன்னு தனி வருஷமே உண்டு: பசலி. பஸல்-ன்னா அரபியில அறுவடை. அக்பர் காலத்துல ஆரம்பிச்ச கணக்கு. நம்ம பக்கம் ஜூலை 1ல தொடங்கி அடுத்த ஜூன் 30ல முடியும். பசலியோட 590ஐக் கூட்டினா அது தொடங்கின ஆங்கில வருஷம் வந்துடும். பசலி 1434ன்னா 2024 ஜூலையில ஆரம்பிச்சது. முன்னாடி மதராஸ்ல ஆடி ஒண்ணாம் தேதிதான் பசலி தொடக்கமா இருந்திருக்கு. 1855லதான் ஜூலை 1க்கு நகர்த்தினாங்க.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கற ஊர்ல, வருஷத்தையே ஆடியில ஆரம்பிச்சது எவ்வளவு பொருத்தம் பாருங்க. கணக்கு, வெள்ளாமையோட தாளத்துக்கு நடந்துருக்கு. நானோ மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்னு வரித்துறை காலண்டரைப் புடிச்சுட்டு, தீபாவளிச் சரக்கு இறங்கற நேரத்துல போய் கடைக்காரர் முன்னாடி ரிப்போர்ட்டை நீட்டிட்டு இருந்திருக்கேன். அவர் எப்படி படிப்பார்?

பேரம் பேசின காலம்

1801 ஜூலை 31ல ஆற்காட்டு நவாபோட போட்ட ஒப்பந்தத்துல கர்நாடகப் பகுதி கும்பெனி கைக்குப் போச்சு. தென்னாற்காடு அப்படித்தான் வெள்ளைக்கார மாவட்டம் ஆச்சு. திண்டிவனம், விழுப்புரம் ரெண்டும் அதுக்குள்ள அடக்கம்.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1792ல திப்புகிட்டருந்து பாராமகால் (இன்னிக்கு சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) கும்பெனிக்கு வந்துது. அங்க கேப்டன் ரீடும், அவருக்குக் கீழ இருந்த தாமஸ் மன்றோவும் ஒரு புது முறையைச் சோதிச்சுப் பார்த்தாங்க. நடுவுல ஜமீன்தார் கிடையாது, சர்க்கார் நேரா குடியானவனோட கணக்குத் தீர்க்கறது. அதுதான் ரயத்துவாரி.

கேக்க எளிசா இருக்கு. ஆனா நேரா கணக்குத் தீர்க்கணும்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து பேசணுமே? அங்கதான் ஜமாபந்தி உயிர் பெறுது. கலெக்டர் கூடாரத்தோட தாலுகா தாலுகாவா போவார். கச்சேரியில குடிகள் வந்து நிப்பாங்க. "இந்த வருஷம் இந்த வயலை நான் வச்சுக்கலை"ன்னு ஒருத்தர் விட்டுக் குடுக்கலாம், அந்த எழுத்துக்குப் பேர் ராஜிநாமா. ஆமாங்க, இன்னிக்கு மந்திரிங்க குடுக்கறாங்களே அதே வார்த்தைதான். புதுசா நிலம் வேணும்னா தர்க்காஸ்து போடலாம். மழை பொய்ச்சு வெள்ளாமை போயிருந்தா வரியில வஜா கேக்கலாம். எல்லாம் பேசி முடிச்சு, அந்த வருஷத்துக்கு உண்டான பட்டா.

அதாவது அன்னிக்கு ஜமாபந்தி வெறும் தணிக்கை இல்லை, பேச்சு வார்த்தை. ரெண்டு தரப்பும் உக்காரணும் (ஒரு தரப்பு நிக்கும், அது வேற விஷயம்). பேசினது அன்னிக்கே முடிவாகணும்.

நடுவுல கும்பெனிக்கு வேற யோசனை வந்துது. 1808 வாக்குல, வருஷா வருஷம் இவ்வளவு பேரோட மல்லுக்கட்ட வேண்டாம், கிராமத்தையே மொத்தமா மூணு வருஷக் குத்தகைக்கு விட்டுடலாம், அப்புறம் பத்து வருஷத்துக்கு, அப்படின்னு. அதாவது ரிவ்யூ மீட்டிங்கே வேண்டாம், மொத்தத் தொகை வந்தா போதும்கற முடிவு. அது சரிப்படலை. 1820ல மன்றோ கவர்னரா வந்தப்ப ரயத்துவாரிதான் மாகாணத்துல நிலைச்சுது, கூடவே வருஷாந்திர ஜமாபந்தியும்.

கணக்கு சரி, கஜானா காலி

ரிவ்யூ நடந்தா மட்டும் போதுமா? கோயம்புத்தூர் கதையைக் கேளுங்க.

அங்க வில்லியம் கேரோன்னு ஒரு கலெக்டர், பத்து வருஷத்துக்கு மேல. அவர்கிட்ட காசிச் செட்டின்னு ஒரு கஜானாக்காரர். வருஷா வருஷம் கணக்கு போச்சு. மெட்ராஸ்ல 1786லயே ஏற்படுத்தின வருவாய் வாரியம் அதையெல்லாம் வாங்கிப் பார்த்துது. எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. 1810களோட நடுவுல மன்றோவும், ஜான் சல்லிவனும் (பின்னாடி ஊட்டியை உண்டாக்கினாரே, அவரேதான்) விசாரிக்கப் போனப்ப பார்த்தா, கஜானாக்காரர் சர்க்கார் பணத்தை வச்சுத் தன் வியாபாரத்தைக் கொழிக்க வச்சிருக்கார். மாவட்டத்து உத்தியோகஸ்தர்கள்ல பலர் அவருக்கு அடக்கம்.

எப்படி இத்தனை வருஷம் தெரியாம போச்சு? கலெக்டருக்குக் கணக்கு சொன்னதே அந்த ஆளுதானே! குடியானவன் சொல்றது அவர் காது வரைக்கும் போகவே இல்லை. எழுதினவனே படிச்சுக் காட்டினா, எழுதினபடிதானே படிப்பான்?

இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் உறுத்திச்சு. நம்ம ஆபீஸ்லயும் கணக்கு எழுதறது நான், ரிப்போர்ட் போடறது நான், அதை விளக்கறதும் நான். திருடலை, அது வேற. ஆனா என் தப்பை யார் கண்டுபிடிக்கறது?

நம்பர் குறையக் கூடாதுன்னா

இதைவிட மோசமான அத்தியாயம் ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டிப் போக முடியாது.

1854ல லண்டன் பாராளுமன்றத்துல ஒரு குற்றச்சாட்டு எழுந்துது: மதராஸ் மாகாணத்துல வரி வசூலுக்குச் சித்திரவதை பண்றாங்கன்னு. விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர் கொண்ட கமிஷன் போட்டாங்க. 1855ல அறிக்கை வந்துது. குற்றச்சாட்டு உண்மைன்னுதான் சொல்லிச்சு. விரலை வச்சு நெரிக்கற கிட்டி. தலையைக் கால் வரைக்கும் வளைச்சுக் கட்டி வைக்கற அண்ணாந்தாள். முதுகுல கல்லை வச்சு வெயில்ல நிறுத்தறது. இத்தனையும் மாகாணத்துல சர்வ சாதாரணமா நடந்திருக்கு. பண்ணினவங்க நம்மாளுங்கதான், தாலுகா சிப்பந்திகளும் ஊர் உத்தியோகஸ்தர்களும்.

ஏன் பண்ணினாங்க? மேல இருக்கறவனுக்கு ஒரே ஒரு எண்தான் முக்கியம், வசூல். தாசில்தாரை எடை போடறது அதுலதான். வஜா குடுக்கற அதிகாரம் மேல, வசூல் பண்ற பொறுப்பு கீழ. மழை பெய்யலைன்னு கீழ இருக்கறவன் சொன்னா மேல நம்பறதில்லை. அப்புறம் அவன் எங்க போவான்? தன்னைவிடக் கீழ இருக்கறவன் விரலைத்தான் நெரிப்பான். தாசில்தாருக்கே போலீஸ் அதிகாரமும் இருந்துது, அதனால போய் முறையிடவும் இடமில்லை. இந்த அறிக்கைக்கு அப்புறம்தான், 1859 சட்டத்துல, போலீசைத் தனித் துறையா பிரிச்சாங்க.

மாச டார்கெட்டை எட்டலைன்னா முதலாளி மேனேஜரைத் திட்டறதும், மேனேஜர் சேல்ஸ் பையனைத் திட்டறதும் நான் பார்க்காததா? கிட்டியோட ஒப்பிடக் கூடாதுதான், அது வேற பாவம். ஆனா பாதை அதேதான். மளிகைக் கடை அண்ணன் விஷயத்துலயும் இதுதான் நடந்துருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. விற்பனை ஏறலைன்னா சத்தம் போடுவார்னு, ரெண்டாவது கடையைப் பார்த்துக்கிட்ட பையன் கேட்டவங்களுக்கெல்லாம் கடன் குடுத்து விற்பனையை ஏத்திக் காட்டியிருக்கான். என் ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல பெருசா என்ன இருந்துது? விற்பனைதான், பச்சைக் கலர்ல, மேல போற கோட்டோட. பாக்கி மூணாம் பக்கம். அந்தப் பையனுக்கு நானும் உடந்தைதான்.

சங்கிலி, அடங்கல், மல்லாட்டை

1858ல மதராஸ்ல நில அளவைத் துறை வந்துது. வயல் வயலா அளந்து, தரம் பிரிச்சு, முப்பது வருஷத்துக்குத் தீர்வைன்னு நிர்ணயம் பண்ணாங்க. அதோட ஜமாபந்தியில பேரம் குறைஞ்சு போச்சு, தணிக்கை கூடிப் போச்சு. இன்னிக்கு நாம பார்க்கற ஜமாபந்தியோட உருவம் பெரும்பாலும் அதுக்கு அப்புறம் வந்ததுதான்.

கிராமக் கணக்கு ஒண்ணு முதல் இருபத்தி நாலு வரைக்கும் நம்பர் போட்டு இருக்கும். ரெண்டாம் நம்பர் அடங்கல்: எந்த சர்வே எண்ல, யாரு, என்ன பயிர் வச்சாங்க. பத்தாம் நம்பர் சிட்டா: யார் பேர்ல எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை. மழைக்கு ஒரு கணக்கு, மரத்துக்கு ஒண்ணு, அன்னாட வசூலுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் கடைசியில மூணு பத்தியில அடைச்சுடலாம்: கேட்பு, வசூல், நிலுவை. வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிக்கறது எவ்வளவு. கிராமக் கணக்கையும் தாலுகாக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒத்துப் பார்ப்பாங்க. ஒத்துப் பார்க்கறவர், எழுதினவர் இல்லை. கோயம்புத்தூர் மாதிரி நடக்காம இருக்க இதுதான் மருந்து.

ஜமாபந்திக்கு முன்னாடியே ஒரு வேலை உண்டு, அஜ்மாயிஷ். அதிகாரி வயலுக்கே போய், அடங்கல்ல எழுதின பயிர் நிஜமாவே நிக்குதான்னு பார்க்கறது. பேப்பர்ல கரும்பு, நிலத்துல கருவேலம்னு இருந்தா அங்கயே மாட்டிக்கும்.

இன்னொரு சடங்கு எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஜமாபந்தியில நில அளவைச் சங்கிலியைச் சோதிப்பாங்க. 66 அடி, நூறு கண்ணி. இழுத்து இழுத்து அளக்கறதுல கண்ணி விரிஞ்சு சங்கிலி நீண்டு போகும். சும்மா ஒரு அடி நீண்டாக்கூட, நூறு ஏக்கர் நிலம் தொண்ணூத்தி ஏழுன்னு அளவுல வரும், போட்டுப் பாருங்க. அதனால அளந்த கணக்கைப் பார்க்கறதுக்கு முன்னாடி, அளந்த கோலைப் பாரு!

இந்த அடங்கல்னால நம்ம ஊருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டா, மல்லாட்டையைச் சொல்லலாம். (மத்த ஊர்க்காரங்களுக்கு: வேர்க்கடலை.) பத்தொம்பதாம் நூற்றாண்டுல தென்னாற்காட்டு மானாவாரி நிலத்துல மல்லாட்டை பரவி, பாண்டிச்சேரி வழியா பிரான்சுக்குக் கப்பல் ஏறிச்சு. 1890களோட கடைசியில விளைச்சல் படுத்துது. மொரீஷியஸ் விதை வந்ததுக்கு அப்புறம் மறுபடி எழுந்துது. திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அங்கருந்து வந்த மல்லாட்டை ரகங்களுக்கு டிஎம்வின்னு பேர். டிஎம்வின்னா திண்டிவனம்தான். மல்லாட்டை எத்தனை ஏக்கர்ல ஏறிச்சு, எப்ப இறங்கிச்சுன்னு ஒரு மாவட்டத்துக்குத் தெரிய வர்றதே, ஊர் ஊரா கர்ணம் அடங்கல்ல எழுதி, அதை வருஷா வருஷம் ஜமாபந்தியில கூட்டினதாலதான். கணக்கை ஒழுங்கா, ஒரே மாதிரி, விடாம எழுதினா, எழுதறப்ப நினைக்காத கேள்விக்கும் அது பின்னாடி பதில் சொல்லும்.

கர்ணம் போனார், ஜமாபந்தி போகலை

கர்ணமும் மணியக்காரரும் பரம்பரை பரம்பரையா இருந்தவங்க. கணக்கு அவங்க வீட்டுல, நிலம் யார் பேர்ல இருக்குங்கறது அவங்க பேனாவுல. ஊர்ல அவங்களுக்கு இருந்த செல்வாக்கைப் பெரியவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க, நல்லதும் கெட்டதும். 1980 நவம்பர் 14ல எம்ஜிஆர் ஆட்சியில ஒரே அவசரச் சட்டத்துல அந்தப் பதவிகளை ஒழிச்சாங்க. சுமார் 23,000 பேர் ஒரே நாள்ல வீட்டுக்குப் போனாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1982ல சட்டம் செல்லும்னு தீர்ப்பாச்சு. அந்த இடத்துக்கு வந்தவங்கதான் இன்னிக்கு இருக்கற கிராம நிர்வாக அலுவலர்கள். அதே 1980 டிசம்பர்ல, மேல இருந்த வருவாய் வாரியத்தையும் எடுத்தாச்சு. அடியில இருந்தவரும் போனார், உச்சியில இருந்ததும் போச்சு.

1993ல தென்னாற்காடே ரெண்டாச்சு, விழுப்புரம் தனி மாவட்டம் ஆச்சு. 2019ல அதுல இருந்து கள்ளக்குறிச்சி பிரிஞ்சுது. பட்டா, சிட்டா எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறி, செல்போன்லயே பார்த்துக்கலாம்னு ஆச்சு. இருந்தும் ஜமாபந்தி மட்டும் ஒவ்வொரு கோடையிலயும் பந்தல் போட்டு நடக்குது. கடைசி நாள் குடிகள் மாநாடுன்னு விவசாயிகளைக் கூட்டிப் பேசறாங்க.

எதுக்கு? நிலவரின்னு வர்ற காசு இன்னிக்கு சர்க்காருக்குப் பெரிய விஷயமே இல்லை. எங்க பெரியம்மாவைக் கேட்டா பதில் கிடைக்கும். கணக்கு எழுதினவரும், கணக்குக்குச் சொந்தக்காரரும், முடிவு சொல்ல அதிகாரம் உள்ளவரும், மூணு பேரும் ஒரே பந்தல்ல முகத்துக்கு முகம் பார்க்கற நாள் வருஷத்துல அது ஒண்ணுதான். அந்த மூணு பேர்ல ஒருத்தர் இல்லாமப் போனப்ப எல்லாம் அது கெட்டுது. குடியானவன் குரல் எட்டாதப்ப கோயம்புத்தூர். முடிவு எடுக்கறவன் வயல் பக்கமே வராதப்ப கிட்டி.

இன்னும் பழசும் உண்டு. திண்டிவனத்துல இருந்து வடக்க ஒன்றரை மணி நேரம் போனா உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டு. குடவோலைத் தேர்தல்னு எல்லாரும் அதைப் பத்திப் பேசுவாங்க. எனக்குப் புடிச்சது வேற வரி: வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனோட பேரைக் குடத்துல போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவனோட நெருங்கிய சொந்தக்காரங்க பேரும் கூடாது. வாரியப் பதவியே ஒரு வருஷத்துக்குத்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே வருஷாந்திரக் கணக்கு!

இப்ப நான் என்ன பண்றேன்

பெருசா ஒண்ணும் மாத்தலை. ஜமாபந்தியைப் பார்த்துக் காப்பி அடிச்சேன், அவ்வளவுதான்.

1. எட்டுப் பக்கம் போச்சு. ஒரே தாள்: கேட்பு, வசூல், நிலுவை. விற்பனை அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல.

2. தாளைக் குடுத்துட்டு வர்றதில்லை. முதலாளியை உக்கார வச்சு சத்தமா படிக்கறேன். கடையைப் பார்த்துக்கற ஆளும் கூட உக்காரணும். இல்லைன்னா இன்னொரு நாள் வர்றேன்னு எழுந்துடுவேன்.

3. முந்தின நாளே போய் குடோனைப் பார்க்கறேன். அஜ்மாயிஷ். ஒரு கடையில ஸ்டாக் லிஸ்ட்ல நாப்பது மூட்டை, குடோன்ல இருபத்தி ஆறு. ஏன்னு கேட்டதுல ரெண்டு பேர் முகம் மாறிச்சு.

4. சங்கிலி: சரக்குக்கு எந்த விலை போட்டு மதிப்பு கட்டறோம்னு முதல்ல சரி பார்க்கறோம். பழைய விலையிலயே ஓடிட்டு இருந்த கடைகள் நாலு.

5. நான் எழுதின கணக்கை மச்சான் ஒத்துப் பார்க்கறார், அவர் எழுதினதை நான். ஆரம்பத்துல மாமன் மச்சான் சண்டை வந்துது, இப்ப பழகிடுச்சு.

6. எழுந்திருக்கறதுக்குள்ள ஒரே ஒரு முடிவு. தேதி போட்டு, ரெண்டு கையெழுத்து. அடுத்த தடவை அந்தத் தாளைத்தான் முதல்ல படிப்போம்.

7. விற்பனை ஏறலைன்னு என் முன்னாடி யாரையும் திட்ட விடறதில்லை. திட்டினா அடுத்த மாசம் பொய் எண் வரும். 1855ல எழுதி வச்சிருக்கான்.

இதனால ரெண்டு கடைக்காரங்க என்னை விட்டுப் போய்ட்டாங்க. "ரிட்டர்ன் போடறதை மட்டும் பாருப்பா, வாத்தியார் வேலையெல்லாம் வேண்டாம்"னு ஒருத்தர் சொல்லியே சொல்லிட்டார். வருமானத்துல அது தெரியத்தான் செய்யுது. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

மளிகை அண்ணனோட ரெண்டாவது கடை மூடினது மூடினதுதான். இப்ப அங்க செல்போன் ரிப்பேர் கடை. பாக்கியில பாதிக்கு மேல வராதுன்னு அவரே தலை முழுகிட்டார். நான் ஒரே ஒரு தடவை, முதல் வருஷத்துலயே, வாயைத் திறந்து சொல்லியிருந்தா... சரி, விடுங்க.

போன மாசம் போயிருந்தேன். டீ வரவச்சார். அந்தப் பையனையும் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சார். அவனை வேலையை விட்டு எடுக்கலைங்க, அதுலயே அவர் யாருன்னு தெரியும். தாளை எடுத்து நீட்டினேன். கையில வாங்கலை.

"நீயே படி தம்பி. நிலுவையில ஆரம்பி."

படிச்சேன்.

டிஸ்கி: பெரியம்மா பங்காளியைக் கூட்டிட்டுப் போய் கையெழுத்து வாங்கிட்டாங்க. பட்டாவுல பேர் வந்துடுச்சு. எழுத்துப் பிழையோட. அடுத்த ஜமாபந்திக்கு மறுபடி போகணும் :-)